மட்டாஞ்சேரியில் படம் பிடித்த கதை

கொச்சியைக் காண வரும் நம் அன்பர்கள் பெரும்பாலும் ஒரே வழியாக வந்து, ஒரே வழியாகத் திரும்பிவிடுகிறார்கள். எர்ணாகுளம் படகுத்துறையில் சீட்டு வாங்கி, இருபது நிமிடம் காயல் காற்று வாங்கி, கோட்டைக் கொச்சியில் இறங்கிச் சீனவலையைக் கண்டு, ஆட்டோக்காரர் காட்டும் அரண்மனையையும் யூதர் தொழுகைக் கூடத்தையும் சுற்றிப் பார்த்து, ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றுடன் மாலை வண்டிக்கு நிலையம் வந்து சேருகிறார்கள். அவர்களுடைய மூட்டை முடிச்சுகளை எடை போட்டு ரசீது எழுதுவது நம் தொழில். 'மட்டாஞ்சேரியில் என்ன பார்த்தீர்கள்?' என்று கேட்டால், 'பழைய கட்டடங்கள்' என்பார்கள். 'மனிதர்களைப் பார்த்தோம்' என்று சொன்னவர் இதுவரை எவரும் இலர்.

நெல்லைச் சீமையில் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்த நாள் முதல் ஊர் ஊராக மாறி, எர்ணாகுளம் வந்து ஆறாண்டுகள் ஆகின்றன. இங்கே கிடைக்கும் வார ஓய்வு நாட்களை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்த நால்வர் கூடி, சென்ற ஆண்டு ஒரு குறும்படம் எடுப்பது என்று முடிவு செய்தோம். ஒருவர் நம்மைப் போலவே நிலைய ஊழியர், மதுரைக்காரர். இன்னொருவர் தமிழ்க் குழந்தைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கும் அம்மையார். நான்காமவர் பாலிடெக்னிக்கில் படிக்கும் இளைஞர். படத்தை வெட்டி ஒட்டும் வித்தை அவர் ஒருவருக்கே தெரியும். காமிரா என்று தனியாக ஒன்றும் கிடையாது; அவருடைய கைப்பேசிதான் காமிரா. பிழைப்புக்காக வந்த ஊரில் வளரும் நம் பிள்ளைகளின் நிலை என்ன என்பதே பொருள். மட்டாஞ்சேரியில் தொடங்குவோம் என்றவர் அம்மையார்.

அப்படித் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. சில சதுர மைல் நிலத்துக்குள் இத்தனை வகை வந்தேறிகள் நெருங்கி வாழும் ஊர் தென்னாட்டில் வேறு இருப்பதாக நாம் அறியோம். கோவாவிலிருந்து வந்த கொங்கணியர் திருமலை தேவசுவக் கோயிலைச் சூழ்ந்து வாழ்கிறார்கள். குஜராத்தியருக்கு அவர்கள் பெயராலேயே ஒரு சாலை. அங்குள்ள சமணக் கோயிலில் நண்பகல் வேளையில் புறாக்களுக்குத் தீனி இடுவார்கள். கச்சி மேமன்கள், தக்கினி பேசும் முஸ்லிம்கள், மராத்தியர், தெலுங்கர், துளுவர், தமிழ்ப் பிராமணர், செக்கு ஆட்டிய வாணியர் என்று முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்களை எண்ணிக் காட்டுவோர் உண்டு. 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடத்தின் பெயரையே பாருங்கள். 'பரதேசி' என்றால் வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்பது பொருள். அங்கே தரையில் பதித்த நீலச் சீன ஓடுகளையும், 1760-இல் கட்டிய மணிக்கூண்டையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், அத்தெருவில் வாழ்ந்த குடும்பங்களில் பெரும்பாலானவை 1948-க்குப் பின் இஸ்ரேலுக்குப் பெயர்ந்துவிட்டன என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். வந்தவர்கள் திரும்பவும் பெயர்ந்தார்கள், கட்டடம் நின்றது. அரண்மனையும் அப்படித்தான்: போர்த்துகீசியர் 1555-இல் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தது, பின்னால் டச்சுக்காரர் பழுது பார்த்ததால் 'டச்சு அரண்மனை' என்ற பெயரைப் பெற்றுவிட்டது. செய்தவன் பெயர் போய், செப்பனிட்டவன் பெயர் நிலைத்த கதை!

கோட்டைக் கொச்சித் துறையிலிருந்து கல்வத்தி வழியாக பஜார் சாலையில் நடந்தோம். ஆட்டோ வேண்டாம் என்பது மதுரைக்காரரின் கட்டளை. ஒரு புறம் காயல், மறுபுறம் பண்டகசாலைகள். சுக்கு வாசனையும் மிளகுக் காரமும் அரிசி மூட்டைகளின் சணல் நெடியும் கலந்து மூக்கில் ஏறுகின்றன. யூதர் தெருவில் 1957 முதல் மிளகு வாணிகச் சங்கம் ஒன்று முன்பேர வாணிகம் நடத்தி வந்தது. வியாபாரிகள் நேருக்கு நேர் நின்று கூவி விலை பேசிய கூடம் அது. அந்தக் கூச்சல் இன்று இல்லை. கணினி அதை அடக்கிவிட்டது. பண்டகசாலைகள் சில ஓவியக் கூடங்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறியிருக்கின்றன. 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பியனாலே என்னும் கலை விழா இவ்விடங்களுக்குப் புது வாழ்வு தந்தது என்பார்கள். தந்திருக்கலாம். மூட்டை சுமந்தவனின் பேரனுக்கு அதில் என்ன கிடைத்தது என்பது நாம் எழுதி வைத்துக்கொண்ட முதற் கேள்வி.

மூட்டை சுமந்தவர்கள் கதை இவ்வூரில் இரத்தத்தால் எழுதப்பட்டது. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் மணல் திட்டை வெட்டி, காயலை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொண்டே வெல்லிங்டன் தீவை உண்டாக்கினார். 1928-இல் 'பத்மா' என்னும் கப்பல் முதலாவதாக உள்துறைமுகத்தில் நுழைந்தது. துறைமுகம் வளர்ந்தது, கூலிகளும் பெருகினார்கள். அவர்களுக்கு வேலை கொடுத்த முறைக்குச் 'சாப்பா' என்று பெயர். ஒப்பந்தக்காரனின் ஆள் காலையில் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் மீது வீசி எறிவான். அடித்துப் பிடித்து வில்லையைப் பற்றியவனுக்கு அன்று கஞ்சி, பற்றாதவனுக்குப் பட்டினி. இம்முறையை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைதும் சைதலவியும் குண்டுக்கு இரையானார்கள். ஆண்டனி என்பவர் காவலில் பட்ட அடியால் மாண்டார். இதைப் பொருளாகக் கொண்டு கே. எம். சிதம்பரன் 'துறமுகம்' என்னும் நாடகத்தை எழுதினார்; அந்நாடகத்தின் வழியில் ராஜீவ் ரவி இயக்கிய திரைப்படம் 2023-இல் வெளிவந்தது. நாம் அதை எர்ணாகுளத்தில் பார்த்தோம். வில்லையை வீசும் காட்சியில் கொட்டகையே மூச்சடங்கிப் போயிற்று. எழுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த அநியாயத்தைப் படமாக்கலாம், பெருங்கூட்டம் வந்து பார்க்கும். இன்று நடப்பதைப் படமாக்குவது வேறு வகைச் சங்கடம் என்பதை அடுத்த வாரமே உணரலானோம்.

மட்டாஞ்சேரியிலிருந்து அரைமணி நடந்தால் கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதி. அங்கேதான் 'தோபிகானா' என்று வழங்கும் சலவைத் துறை இருக்கிறது. உள்ளே கால் வைத்ததும் தமிழ்! டச்சுக்காரர் தம் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழியினர் தாங்கள் என்பது இவர்களிடையே வழங்கும் வரலாறு. அவ்வாறாயின் இவர்கள் இம்மண்ணுக்கு வந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள். டச்சுக்காரர் 1795-இல் ஆங்கிலேயரிடம் கொச்சியை இழந்து போனார்கள். ஆங்கிலேயர் 1947-இல் போனார்கள். இவர்கள் மட்டும் துவைகல்லைவிட்டு அகலவில்லை. முன்பு குளங்களில் துவைத்து வந்தவர்களுக்கு, 1976-இல் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் இப்போதுள்ள கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தது. வரிசை வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள். குடும்பத்துக்கு ஒன்று என்று கணக்கு. வெளியே பெரிய வெட்டவெளியில் கயிற்றுக் கொடிகள்.

அந்தக் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் துணி பறக்காமல் இருக்கக் 'கிளிப்' மாட்டுவார்கள். இங்கே கிளிப் ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கி ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள்; முறுக்கின் இடையே துணியின் முனையைச் செருகிவிட்டால், கடற்காற்று எவ்வளவு வீசினாலும் துணி நழுவாது. துருப்பிடித்த கறையும் படாது. கஞ்சி போடுவது அரிசிக் கஞ்சியில். பழைய கனத்த தேய்ப்புப் பெட்டிகளில் சிரட்டைக்கரித் தணல் இட்டுத் தேய்ப்போர் இன்றும் இருக்கிறார்கள். மருத்துவமனை விரிப்பு, விடுதிப் போர்வை, கலியாண வேட்டி எல்லாம் ஒரே வெண்மையில் காற்றில் ஆடும் காட்சிக்கு எந்தக் காமிராவும் மயங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மட்டும் அங்கே வந்து படம் பிடித்த பயணிகளை எண்ணினோம். பதினேழு பேர். வந்தார்கள், பிடித்தார்கள், போனார்கள். யாராவது அந்தப் படத்தைத் திரும்பக் கொண்டுவந்து காட்டியதுண்டா என்று ஒரு பெரியவரைக் கேட்டோம். அவர் துவைப்பதை நிறுத்தாமலேயே சிரித்தார்.

அவருடைய மகன்தான் நம் படத்தின் நாயகன் என்று மனத்தில் கொண்டோம். இருபத்து நான்கு வயது. தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்சாதனப் பொறி பழுது பார்க்கப் பயின்றவர். விடுதி ஒன்றில் இரவு வேலை. காலையில் வீடு திரும்பி, தந்தைக்கு உதவியாகத் தேய்ப்பு. தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று கைகோத்து நடக்கும் பேச்சு. நன்றாகப் பேசினார்; நகைச்சுவையாகவும் பேசினார். காமிராவை எடுத்தவுடன் மட்டும் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அண்ணா, என் கை வரட்டும், குரல் வரட்டும். முகம் மட்டும் வேண்டா."

"ஏன் தம்பி?"

"எனக்குப் பெண் பார்க்கிறார்கள். அந்த வீட்டாரிடம் ஏசி மெக்கானிக் என்று சொல்லியிருக்கிறது. அது பொய் இல்லை. ஆனால் இது ஒருத்தர் போனில் வந்தால் நாளைக்கு நூறு பேர் போனில் வரும். அப்புறம் நான் ஏசி மெக்கானிக் இல்லை, வண்ணான்."

இச்சொல்லை அவர் தந்தையின் காதில் விழும்படிதான் சொன்னார். தந்தை ஒன்றும் சொல்லவில்லை. துணியை ஓங்கி அடித்தார்.

அன்று மாலை படகில் திரும்பும்போது நால்வருக்குள்ளும் பெரிய வாதம். முகம் இல்லாத நாயகனை வைத்து எப்படிப் படம் எடுப்பது என்றார் பாலிடெக்னிக் இளைஞர். தொழிலில் இழிவு இல்லை என்று அந்தப் பையனுக்கு எடுத்துச் சொல்லிச் சம்மதம் வாங்கலாமே என்றார் மதுரைக்காரர். அம்மையார் கேட்டார்: "இழிவு இல்லை என்று சொல்ல வேண்டியது அவனுக்கா, பெண் வீட்டாருக்கா?" அதற்கு மேல் ஒருவரும் பேசவில்லை. முகம் வேண்டாம் என்று தீர்மானமாயிற்று. சாதியும் தொழிலும் ஒட்டிப் பிறந்தவை என்று எண்ணும் உலகத்தில், ஓர் இளைஞன் தன் முகத்தைக் காத்துக்கொள்வது கோழைத்தனம் அன்று என்பது நம் கருத்து. படம் எடுப்பவன் ஒரு மாதத்தில் போய்விடுவான். அவன் அங்கேயே இருக்க வேண்டியவன்.

இத்துறையின் மூலவர் என்று போற்றப்படுபவரும் பிழைப்புக்காக வெளியூர் போனவரே என்பதை நம் வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அமெரிக்கரான ராபர்ட் பிளாகர்ட்டி, கனடாவில் ரயில் பாதைகள் அமைத்த வில்லியம் மக்கன்சி என்னும் முதலாளிக்காக, வடகோடிப் பனிப்பகுதியில் கனிமம் தேடப் போனவர். ரயில்வேக்காரர் என்ற முறையில் நமக்கு இதில் சிறிது பெருமை உண்டு! 'போகிற இடத்துக்கு ஒரு காமிராவையும் கொண்டு போ' என்று 1913-இல் தூண்டியவர் அம்முதலாளிதான். எடுத்த படச்சுருள்கள் 1916-இல் அவர் பிடித்த சிகரெட்டின் நெருப்புப் பட்டு எரிந்து போயின. மீண்டும் போய் எடுத்து, 1922-இல் 'நானூக்' என்ற படத்தை வெளியிட்டார். அவரிடம் நாம் மெச்சுவது ஒன்று: எடுத்த காட்சிகளை அங்கேயே கழுவி, அம்மக்களுக்கே முதலில் போட்டுக் காட்டினார். நாம் ஏற்காதது ஒன்று: அம்மக்கள் துப்பாக்கி கொண்டு வேட்டையாடத் தொடங்கிவிட்ட காலத்தில், பழைய ஈட்டியைக் கையில் கொடுத்து வேட்டையாடச் சொல்லிப் படம் பிடித்தார். பழமை அழகாயிருந்ததாம்! சிரட்டைக்கரிப் பெட்டியைத் தேடி அலையும் பதினேழு காமிராக்களும் அவர் வழி வந்தவையே. அதே துறையில் மின்சாரத் தேய்ப்புப் பெட்டியும் இருக்கிறது. அதை எவரும் படம் பிடிக்கக் காணோம்.

நம் தமிழருள் இதைச் செய்து காட்டியவர் கோட்டையூர் ஏ. கே. செட்டியார். இரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தியவர்; டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937-இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. உலகெங்கும் ஒரு லட்சம் மைல் அலைந்து, 50,000 அடி நீளப் படச்சுருளைச் சேர்த்து, 1940-இல் சென்னையில் படத்தை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது நிறையவில்லை. ஒரு லட்சம் மைல் எங்கே, எர்ணாகுளத்திலிருந்து வெளிக்குப் போகும் நம் படகுப் பயணம் எங்கே! எனினும், சொந்த ஊரைவிட்டுப் போனவனுக்குத்தான் பார்ப்பதற்குக் கண் திறக்கிறது என்பதற்கு அவர் சான்று. மாற்றார் கண்ணுக்கும் ஒரு சான்று உண்டு. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் உழலும் சிறுவர்களைப் பற்றி 1990-இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தைத் தமிழில் எடுத்தவர் கன்னட நாட்டவரான சலம் பென்னூர்கர். நம் பிள்ளைகளின் துயரை நமக்குக் காட்ட அயலார் ஒருவர் வரவேண்டியிருந்தது.

வெளியில் எடுத்தது பாதிப் படம். மறுபாதியை வெல்லிங்டன் தீவின் வாத்துருத்தியில் எடுத்தோம். துறைமுக முனையத்துக்குப் போகும் இருப்புப் பாதையை ஒட்டிய குடியிருப்பு அது. வாத்துருத்தி ரயில்வே கேட் என்றால் கொச்சியில் அறியாதவர் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக அங்கே சிறு சிறு வாடகை அறைகளில் வாழ்கிறார்கள். வெளியில் உள்ளவர்கள் முந்நூறாண்டுத் தமிழர். இவர்கள் ஒரு தலைமுறை, இரு தலைமுறைத் தமிழர். அவர்களுக்குத் தொழில்தான் சுமை. இவர்களுக்குத் தாள்.

தாள் என்று நாம் சொல்வது சான்றிதழ்களை. அங்கே ஒரு பெண். பன்னிரண்டாம் வகுப்பை மலையாளத்தில் படித்துத் தேறியவள். பிறந்தது கொச்சியில். குடும்ப அட்டையும் தந்தையின் வாக்கும் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில். பட்டியல் சாதியைச் சேர்ந்த குடும்பம். கல்லூரியில் இடம் கேட்கப் போன இடத்தில், 'இந்தச் சான்றிதழ் இங்கே செல்லாது' என்று சொல்லிவிட்டார்கள். காரணம் அந்த அலுவலர் அல்லர், சட்டம். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவரின் 1950-ஆம் ஆண்டு ஆணை ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிப் பட்டியலை வகுத்தது. ஆந்திர நாட்டிலிருந்து தந்தையின் வேலை காரணமாகச் சிறுவயதிலேயே பம்பாய்க்கு வந்த மாணவர் ஒருவர், தம் பட்டியல் பழங்குடி நிலையைக் காட்டி அங்கே மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டார். ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர் இன்னொரு மாநிலத்துக்குப் பெயர்ந்தால் அங்கே அச்சலுகை கோர முடியாது என்று உச்சநீதிமன்றம் 1990-இல் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது; 2018-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் இக்கொள்கையை உறுதி செய்தது. ஆகவே இப்பெண் கேரளத்தில் பொதுப் போட்டியில் நிற்க வேண்டும். சலுகை வேண்டுமாயின், தான் ஒருநாளும் படித்தறியாத தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது! நடுவண் அரசுப் பணிகளுக்கு மட்டும் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். தந்தையின் பழைய சான்றிதழைக் காட்டி, குடியேறிய மாநிலத்திலேயே இதற்கான சான்று பெறும் வழியும் உண்டு. நம் சங்கக் குடும்பங்களில் பலர் இதை அறியாமல், தந்தையின் சான்றிதழை ஊரில் ஏதோ பெட்டியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டும் முன்பே அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்வது நன்று.

அப்பெண் முகத்தைக் காட்ட மறுக்கவில்லை. "என்னைக் காட்டுங்கள். நான் என்ன செய்தேன் மறைப்பதற்கு?" என்றாள். ஒரே படத்தில் முகம் மறைத்த இளைஞன் ஒருவன், முகம் காட்டிய பெண் ஒருத்தி. திட்டமிட்டிருந்தால்கூட இப்படி அமைந்திராது.

செய்முறையைப் பற்றிக் கேட்கும் இளைஞர்களுக்காகச் சில சொற்கள். காட்சியைவிட ஒலியே பெரும்பாடு. வெளியில் கடற்காற்றும், வாத்துருத்தியில் வண்டிகளின் இரைச்சலும் பேச்சை விழுங்கிவிடும். சட்டையில் மாட்டும் சிறு ஒலிவாங்கி ஒன்றுக்குச் செலவழித்த பணம் வீண் போகவில்லை. அதற்குக் கம்பளித் துண்டு சுற்றினால் காற்றின் சீறல் அடங்குகிறது. பேச்சை எடுத்த பிறகு, ஒருவரும் பேசாத ஒரு நிமிட ஒலியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். துண்டுகளை ஒட்டும்போது அதுதான் பசை. நடுப்பகல் வெயிலில் வெள்ளைத் துணியை எடுத்தால் காமிராவின் கண் கூசிப்போகும். காலை எட்டு மணிக்கு முன் முடித்துவிடுவது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேசியவர் சொன்னதைத் திருத்தாதிருப்பது. வெளியின் தமிழில் மலையாளச் சொல் வந்தால் அடியில் ஓடும் எழுத்தில் அதைச் 'சுத்தத் தமிழ்' ஆக்கலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. முந்நூறாண்டு காத்த தமிழுக்கு நாம் மதிப்பெண் போடுவதா? அப்படியே விட்டோம்.

படம் முடிந்ததும் முதலில் வெளியிலேயே காட்டினோம். ஓர் இரவு, உலர்த்தும் கொடியில் வெளுத்த விரிப்பு ஒன்றைக் கட்டித் திரையாக்கினார்கள். இதைவிட வெண்மையான திரை எந்தக் கொட்டகையிலும் இராது. பெண்களும் குழந்தைகளுமாக ஐம்பது பேர் இருக்கலாம். கை மட்டும் தெரியும் இளைஞனைக் கண்டதும், 'யார் கை' என்று குழந்தைகள் பெயர் சொல்லிக் கத்தின. அவன் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. படம் முடிந்த பின் நம்மிடம் வந்தார்.

"சார், நல்லா இருக்கு. ஆனா பதினொரு நிமிஷமும் நான் குனிஞ்சே இருக்கேன். நான் நிமிர்ந்து நிற்கிற நேரமும் உண்டே?"

உண்டுதான். அவர் மாலையில் குளித்து, தாமே வெளுத்த சட்டை அணிந்து, மலையாள நாளிதழை வரி விடாமல் படிப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஊர்க்காரர் சிலருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவரும் அவர்தான். அடுத்த வாரம் போய் அதையும் எடுத்துச் சேர்த்தோம். படம் பதினான்கு நிமிடம் ஆயிற்று. இந்த மூன்று நிமிடம் படத்தின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று நம் பாலிடெக்னிக் நண்பர் இன்றும் சொல்கிறார். கலை நோக்கில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது பெரியவரின் நிமிர்வு. வெட்ட நமக்கு உரிமை இல்லை.

மத்திய அரசு 1948-இல் திரைப்படப் பிரிவு ஒன்றை அமைத்து, கொட்டகைகளில் முழுநீளப் படத்துக்கு முன் ஆவணப்படம் காட்டச் செய்த காலத்தை நம் பெரியோர் நினைவில் வைத்திருப்பார்கள். அப்பிரிவு 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. கொட்டகையில் இடம் போன பிறகு இத்தகைய படங்களுக்கு விழாக்களே புகலிடம். திருவனந்தபுரத்தில் 2008-இல் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழா அவற்றுள் பெரிது. அதற்கு அனுப்பலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இளைஞனின் பெண் பார்க்கும் படலம் முடியும் வரை அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறோம்; கையை வைத்தே அடையாளம் கண்ட குழந்தைகளைப் பார்த்த பிறகு வேறு என்ன செய்வது? சங்க உறுப்பினர்கள் பார்க்க விரும்பினால், ஞாயிறு மாலையில் நம் அறைக்கு வரலாம்; காட்டுவோம், பிரதி மட்டும் தரமாட்டோம்.

வாத்துருத்திப் பெண் இப்போது தானே ஒரு படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறாள். கொச்சி வந்த கதையைப் பாட்டி சொல்ல, பேத்தி கைப்பேசியில் பிடிக்கிறாள். பாட்டியின் பேச்சுக்கு அடியில் ஓடும் தமிழ் எழுத்தை நாம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டாள். அம்மையார் மறுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை உட்கார்த்தி எழுத்துக் கற்பிக்கிறார். சென்ற வாரம் தகர வரிசை வரை வந்திருந்தாள். பாட்டியின் ஊர்ப் பெயரில் றகரம் வருகிறதாம். அதை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டு போனாள்.